கண்ணாடிப் பெட்டியும் கருவை நிழலும்

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெக்சிகோ எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது எல் பாசோ. அந்த ஊரின் டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைந்தால் கண்ணில் படுவதெல்லாம் பூட்டான்! மேலே போகப் போக உள்பக்கம் சாயும் தடித்த சுவர்கள், வெயிலை மறைத்து வெளியே நீண்டிருக்கும் கூரைகள், கூரைக்குக் கீழே செங்கல் பட்டை, அந்தப் பட்டையில் வண்ண ஓடுகள் பதித்த வட்டங்கள். இமயமலையில் இருக்க வேண்டிய கட்டடங்கள் மொட்டை மலையடிவாரத்தில் நிற்கின்றன.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1914இல் சுரங்கக் கல்லூரியாகத்தான் இந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1916இல் தீப்பிடித்து முதன்மைக் கட்டடம் எரிந்துபோனது. புது இடத்தில் புதிதாகக் கட்ட வேண்டும் என்றபோது, கல்லூரித் தலைவரின் மனைவி கேத்லீன் வொரல், 1914 ஏப்ரல் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் பார்த்த பூட்டான் படங்களை நினைவுபடுத்திச் சொல்லியிருக்கிறார். ஜான் கிளாட் வைட் என்ற ஆங்கிலேய அதிகாரி எடுத்த படங்கள் அவை. மலைச்சரிவில் கோட்டை போல நிற்கும் பூட்டான் மடங்கள் இந்த மலைக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1917இல் முதல் கட்டடம் அந்தப் பாணியில் எழுந்தது. பிறகு வந்தவர்களும் அதையே தொடர்ந்தார்கள். 2008இல் வாஷிங்டனில் நடந்த நாட்டார் கலை விழாவுக்காகப் பூட்டான் கலைஞர்கள் கட்டிய சிறு கோயில் ஒன்றைப் பூட்டான் அரசே இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டது. இன்று அது வளாகத்தின் நடுவில் இருக்கிறது.

நான் போனது கட்டடங்களைப் பார்க்க அல்ல. வளாகத்துக்குள் இருக்கும் நூற்றாண்டு அருங்காட்சியகத்தையும், அதைச் சுற்றியிருக்கும் சிவாவா பாலைவனத் தோட்டத்தையும் பார்க்க. டெக்சாஸ் விடுதலை பெற்ற நூறாவது ஆண்டின் நினைவாக 1936இல் கட்டிய அருங்காட்சியகம் இது. எல் பாசோவின் மிகப் பழைய அருங்காட்சியகமும் இதுதான். தோட்டம் வெகு பின்னால், 1999இல் வந்தது. இந்தப் பாலைவனத்துக்கே உரிய தாவரங்களில் 600க்கும் மேற்பட்ட வகைகளை அங்கே வளர்க்கிறார்கள். இரண்டையும் இலவசமாகவே பார்க்கலாம்.

உடன் வந்தவர்கள் அங்கே வேலை பார்க்கும் நண்பரும், மகனோடு சில மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்த அவருடைய அம்மாவும். அம்மாவுக்குப் பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அன்று எனக்குப் பாதி விஷயம் புரிந்தது அவரால்தான்.

உள்ளே: பானைகள்

முதலில் பாலைவனத்தைப் பற்றி இரண்டு வரி. வட அமெரிக்காவின் மிகப் பெரிய பாலைவனம் சிவாவா. அதன் பெரும்பகுதி மெக்சிகோவுக்குள் இருக்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பெரிய மலைத்தொடர்கள் கடல் ஈரத்தை மறித்து நிற்பதால் நடுவில் இருக்கும் உயர்ந்த சமவெளி காய்ந்து கிடக்கிறது. மணல் மேடுகளும் ஒட்டகங்களும் நினைவுக்கு வந்தால் அதைத் தள்ளி வைத்துவிடுங்கள். இது கல்லும் புதரும் நிறைந்த பாலை. கோடையில் கொளுத்தும், குளிர்காலத்தில் உறைபனி விழும். எல் பாசோவில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 22 சென்டிமீட்டர் மழை. அதிலும் பாதிக்கு மேல் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும்.

இந்த மண்ணில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்திருக்கிறார்கள். எல் பாசோவுக்கு 50 கிலோமீட்டர் தள்ளி ஹுவேக்கோ டேங்க்ஸ் என்று ஒரு பாறைக் குன்று இருக்கிறது. பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீரை நம்பி வந்தவர்கள் பாறை நிழலில் 200க்கும் மேற்பட்ட முகமூடி ஓவியங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சாமியும் ஓவியமும்.

எல்லைக்கு அந்தப்பக்கம், சிவாவா மாநிலத்தில் பக்கீமே. காசாஸ் கிராந்தேஸ் என்றும் சொல்வார்கள். சுமார் 1200 முதல் 1450 வரை செழித்திருந்த மண்நகரம். பல அடுக்கு மண்வீடுகள், பந்தாட்டக் களங்கள், ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர், அதைத் தேக்கி வைக்கத் தொட்டி, வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கால்வாய்கள். தொல்லியலாளர் சார்ல்ஸ் டி பேசோ 1958 முதல் 1961 வரை மெக்சிகோ அறிஞர்களோடு சேர்ந்து அங்கே அகழ்ந்தபோது, வெகு தெற்கே வெப்பக் காடுகளில் வாழும் சிவப்புப் பஞ்சவர்ணக் கிளிகளை வளர்த்த மண்கூண்டுகள் கிடைத்தன. கடலே இல்லாத ஊரில் லட்சக்கணக்கில் சிப்பி மணிகள் கிடைத்தன. 1998இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பக்கீமே பானைகளில் வெளிர் களிமண் மேல் கறுப்பும் சிவப்புமாகக் கோலமிட்டிருப்பார்கள். கோடுகள் அவ்வளவு நுணுக்கம்! கிளி உருவமும் பாம்பு உருவமும் அந்தக் கோடுகளுக்குள்ளிருந்து மெல்ல எழும்பி வரும்.

அதற்குச் சற்று முந்தையது மிம்பிரெஸ் மக்களின் காலம். நியூ மெக்சிகோவின் தென்மேற்கில், 1000க்கும் 1130க்கும் இடையில் உச்சத்தில் இருந்தவர்கள். வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பில் முயல், வௌவால், வெட்டுக்கிளி, மீன் என்று கிண்ணங்களின் உட்புறத்தில் தீட்டியிருக்கிறார்கள். தங்களைச் சுற்றி ஓடியதையும் பறந்ததையும் இவ்வளவு அன்போடு கவனித்தவர்களை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ஆனால் இந்தக் கிண்ணங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மிம்பிரெஸ் மக்கள் இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியில் புதைப்பார்கள். புதைக்கும்போது கிண்ணத்தின் அடியில் ஓட்டை போட்டு, இறந்தவரின் முகத்தின் மேல் கவிழ்த்துவிடுவார்கள். இந்தக் கிண்ணங்களுக்குச் சந்தையில் விலை ஏற ஏற, 1960களிலும் 70களிலும் மண்வாரி இயந்திரங்களைக் கொண்டுவந்து ஊர்களையே கிளறிப் போட்டார்கள். எலும்புகள் சிதறின, வீடுகள் அழிந்தன, கிண்ணம் மட்டும் கைமாறியது. 1990இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், முன்னோரின் எலும்புகளையும் புதைபொருட்களையும் வழிவந்த பழங்குடிகளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புது விதிகளின்படி, அவற்றைக் காட்சிக்கு வைப்பதற்கு முன் அந்த மக்களின் சம்மதம் வேண்டும். நாடெங்கும் பல அருங்காட்சியகங்களில் பெட்டிகளை மூடினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு. நம் பாட்டியின் முகத்தை மூடியிருந்த ஒன்றை யாரோ எடுத்து விளக்கு போட்டு வைத்தால் நாம் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்போம்? அழகுக்காகப் பிடுங்கி வந்த பொருளில் பாதி உயிர் பிடுங்கிய இடத்திலேயே கிடக்கிறது.

இதையெல்லாம் நான் மெல்ல மெல்லப் படித்து நண்பரின் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் பானைகளை மரியாதையாகப் பார்த்தார். அரைக்கும் கல்லின் முன்னால்தான் நின்றுவிட்டார். நடுவில் தேய்ந்து பள்ளமான நீளக் கல், அதன் மேல் உருட்டுவதற்கு இன்னொரு கல்.

"அம்மிதான தம்பி இது! குழவியும் இருக்கு பாருங்க. என்னத்த அரைச்சாங்களாம்?"

மக்காச்சோளம் அரைத்திருப்பார்கள், காட்டுக் காய்களையும் அரைத்திருப்பார்கள் என்றேன்.

"என்ன காய்?"

அதற்குப் பதில் வெளியே இருந்தது.

வெளியே: தோட்டம்

அருங்காட்சியகத்தின் சுவரை ஒட்டியே தோட்டம் தொடங்கிவிடுகிறது. கல்பாவிய நடைபாதைகள், தாழ்ந்த சுவர்களால் பிரித்த சிறு சிறு பகுதிகள், நிழல் பந்தல், உட்கார இருக்கைகள். நாங்கள் போனது ஆகஸ்ட். முந்தின நாள் மழை பெய்திருந்தது. சினீசோ புதர்களெல்லாம் ஊதாப் பூவாக நின்றன. ஈரப்பதம் ஏறினால் இது பூத்துக் குலுங்கும். ஒரு புதரின் சிறு இலைகளிலிருந்து மருந்து நெடி போல ஒரு வாசனை வந்தது. கிரியோசோட். மழை வருமுன் காற்றில் முதலில் வருவது இதன் வாசனைதான் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இலை மேல் இருக்கும் பிசின் பூச்சு வெயிலில் தண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. அந்தப் பிசின்தான் மணக்கிறது.

பக்கத்தில் ஓகோட்டியோ. முள் நிறைந்த நீளக் கம்புகளாக ஒரே தூரிலிருந்து கிளம்பி நிற்கும். மழை பெய்த சில நாளில் கம்பு முழுக்க இலை துளிர்க்கும், மண் காய்ந்ததும் உதிர்த்துவிடும், அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும். ஒரே ஆண்டில் இப்படிப் பல முறை. இதன் கம்புகளை வெட்டி வரிசையாக ஊன்றினால் வேர் பிடித்து உயிர்வேலி ஆகிவிடும்.

யூக்காவில் காய்கள் காய்ந்து தொங்கின, சிலவற்றில் சின்ன ஓட்டைகள். இந்த ஓட்டைகளுக்குப் பின்னால் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த பாலைவனக் கதை. யூக்காவின் மகரந்தச் சேர்க்கை ஒரு சிறு வெள்ளை அந்துப்பூச்சியை நம்பித்தான் நடக்கிறது. பெண் பூச்சி ஒரு பூவில் மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டித் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு இன்னொரு பூவுக்குப் போகும். அங்கே சூலகத்துக்குள் முட்டையிடும். பிறகு கொண்டுவந்த மகரந்தத்தைச் சூல்முடியில் அடைத்துவிடும். காய் பிடிக்கும், புழுக்கள் விதைகளில் கொஞ்சத்தைத் தின்று வளரும், மீதி விதை செடிக்கு. புழு வெளியேறிய வழிதான் அந்த ஓட்டை. ஒன்று இல்லாவிட்டால் மற்றது இல்லை.

யூக்கா இலையைக் கீறி நாராக்கினால் கயிறு வரும், செருப்பு வரும். நுனியை மென்று மெல்லிதாக்கினால் தூரிகை. நியூ மெக்சிகோவின் பியூப்லோ பழங்குடிக் குயவர்கள் இன்றும் பானையில் கோடு இழுக்க யூக்கா தூரிகை வைத்திருக்கிறார்கள். உள்ளே பார்த்த அந்த நுணுக்கமான கோடுகள் எனக்கு அப்போதுதான் கைக்கு எட்டின. இவ்வளவு நேரம் பானையைப் பார்த்தேன். அதைத் தீட்டத் தூரிகை கொடுக்கும் இனத்துச் செடி இப்போது முன்னால் நிற்கிறது.

அடுத்து லெசுகியா. முழங்கால் உயரத்துக்கு ஈட்டி ஈட்டியாக நிற்கும் சிறு கற்றாழை இனம். இது எங்கே வளர்கிறதோ அதுதான் சிவாவா பாலைவனம் என்று தாவரவியலாளர்கள் எல்லைக்கோடு போடுகிறார்கள். இதன் நாரில் முறுக்கிய கயிறும் வலையும் செருப்பும் காய்ந்த குகைகளுக்குள் பல நூற்றாண்டுகள் கெடாமல் இருந்திருக்கின்றன. பிறகு சோட்டோல். இதன் நடுக்குருத்தை, கல் அடுக்கிய குழிக்குள் நெருப்பு மூட்டி, மண் போட்டு மூடி, இரண்டு நாள் வேகவைத்தால் நார்ச்சத்தெல்லாம் இனிப்பாகிவிடும். அப்படி வேகவைத்த குழிகளின் கருகிய கற்குவியல்கள் இந்தப் பாலைவனம் எங்கும் இன்றும் கிடக்கின்றன. சிவாவா மலைகளில் வாழும் ராராமுரி மக்கள் சோட்டோல் இலையில் இன்றும் கூடை முடைகிறார்கள். ஆகவே "பண்டைய பண்பாடு" என்று நாம் பெட்டிக்குள் வைத்துப் படிப்பதில் பாதி, இன்னும் யாரோ ஒருவரின் அன்றாட வேலை.

நான் சோட்டோல் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

"ஏந்தம்பி, இங்க வாங்க! இது நம்ம சீமைக்கருவையில்ல?"

கருவை

ஆமாம். மெஸ்கீட். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இனம் வேறு, குடும்பம் ஒன்று. அதே இலை, அதே முள், அதே மஞ்சள் நெற்று. அம்மா ஒரு நெற்றைக் கையில் எடுத்து உடைத்து மோந்து பார்த்தார்.

"இத எதுக்கு இவ்ளோ அழகா பாத்தி கட்டி வளக்குறாங்க? எங்க ஊர்ல கண்மாய் பூரா இதுதான். வெட்ட வெட்ட வருது."

தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர் சிரித்தபடி பக்கத்தில் வந்தார். நண்பர் அம்மா சொன்னதை மொழிபெயர்த்தார். அவர் சொன்ன பதில்தான் அன்றைய பயணத்தின் மையம். இந்த நெற்றைக் காயவைத்து, அந்தக் கல்லில் அரைத்து, மாவாக்கித்தான் இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிட்டார்கள். மாவில் இயல்பாகவே இனிப்பு இருக்கும். பஞ்சத்திலும் இந்த மரம் காய்க்கும், அதன் வேர் அவ்வளவு ஆழம் போகும். பிசினில் மருந்து, பூவில் தேன், கட்டையில் அடுப்பு. உள்ளே அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த அம்மியில் அரைத்த காய் இதுதான்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க ஊர்ல நெத்த ஆடுதான் திங்கும். கரிமூட்டம் போட்டு வித்துத்தான் இவனப் படிக்க வச்சேன். மனுசன் திங்கலாம்னு எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார்.

உண்மை. யாரும் சொல்லவில்லை. 1877இல் சென்னை மாகாணத்தின் கடப்பா பகுதிக்குச் சீமைக்கருவேல விதை வந்தது. விறகுக்காகவும் தரிசை மூடவும் கொண்டுவந்தார்கள். பிறகு ராமநாதபுரம் வரை பரவியது. விதை கப்பலேறியது, அதைச் சாப்பிடத் தெரிந்தவர்களின் அறிவு ஏறவில்லை. வந்த ஊரில் அதைக் கட்டுப்படுத்தும் வாழ்க்கைமுறையும் இல்லை. நம் மக்கள் தாங்களாகவே கரிமூட்டத்தையும் வேலியையும் கண்டுபிடித்துக்கொண்டார்கள், அது அவர்கள் பெருமை. ஆனால் ஒரு மரத்தை அதன் மனிதர்களிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த விலையைக் கண்மாய்கள் இன்றும் கொடுக்கின்றன.

சொந்த ஊரிலும் இந்த மரத்துக்கு அதே கதி நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் பெரும் மாட்டுப் பண்ணைகள் வந்தபின், மாடுகள் நெற்றைத் தின்று விதையைப் புல்வெளியெங்கும் பரப்பின. மேய்ச்சலில் புல் குறைந்தது, அவ்வப்போது எரிந்து புதரைக் கட்டுக்குள் வைத்த காட்டுத்தீயையும் அணைத்தார்கள். இன்று அங்கேயும் பண்ணைக்காரர்களுக்கு மெஸ்கீட் தலைவலி. மரம் மாறவில்லை, மரத்தோடு மனிதர்கள் வாழ்ந்த முறை மாறிவிட்டது.

தோட்டத்தில் நடக்க நடக்க நமக்குத் தெரிந்த முகங்கள் கூடிக்கொண்டே போயின. நம் ரயில் பாதை ஓரத்தில் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழையின் தாய்வீடு மெக்சிகோ. சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. அந்தக் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்துதான் கொச்சினீல் என்ற அடர்சிவப்புச் சாயம் எடுத்தார்கள். மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின் அந்தச் சாயத்தைத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தது. அதை உடைக்க வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாய வணிகம் கைகூடவில்லை. மெக்சிகோவில் கள்ளியின் இளம் மடலைக் காய்கறியாகச் சமைக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அதன் பழம் தெரியும், மடல் தெரியாது.

மீண்டு வந்த கை

பிரித்தெடுத்தது மறுபடி ஒட்டுமா? ஒட்டும் என்பதற்கு இந்தப் பாலைவனத்திலேயே சாட்சி இருக்கிறது. பக்கீமே இடிபாடுகளுக்குப் பக்கத்தில் மாத்தா ஓர்த்தீஸ் என்ற சிற்றூர். அங்கே விறகு பொறுக்கப் போன ஹுவான் கெசாதா என்ற பையன் மலையில் பழைய பானை ஓடுகளைக் கண்டான். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, குயவர் மரபு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறுந்துவிட்டது. ஆனால் மண் அங்கேயே இருந்தது. நிறம் கொடுக்கும் தாதுக்கல் அதே மலையில் இருந்தது. ஓட்டைப் பார்த்து, மண்ணைப் பிசைந்து, சுட்டு, உடைந்து, மறுபடி சுட்டு, ஆண்டுக்கணக்கில் முயன்று தானே கற்றுக்கொண்டார். தலைமுடியில் தூரிகை கட்டிக் கோடு இழுத்தார். 1976இல் ஸ்பென்சர் மெக்கல்லம் என்ற மானுடவியலாளர் நியூ மெக்சிகோவின் டெமிங் நகரக் கடையொன்றில் அவர் பானைகளைப் பார்த்து வியந்து, செய்தவரைத் தேடி எல்லை தாண்டிப் போனார். கெசாதா தன் உடன்பிறந்தவர்களுக்கும் ஊராருக்கும் கற்றுக்கொடுத்தார். ஊரே குயவர் ஊராகிவிட்டது. 1999இல் மெக்சிகோ அரசு அவருக்குத் தேசிய விருது கொடுத்தது. 2022இல் அவர் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். உலகெங்கும் அருங்காட்சியகங்களில் பக்கீமே பானைகள் இருந்தன. ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அந்தக் கலை மீண்டது மண்ணும் கல்லும் விறகும் இருந்த இடத்தில், அவற்றைத் தினமும் தொட்ட ஒருவர் கையில். அதனால்தான் அருங்காட்சியகத்துக்கு ஒரு தோட்டம் வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் பொருள் "என்ன செய்தார்கள்" என்று மட்டும் சொல்கிறது. எதிலிருந்து செய்தார்கள், எந்த மாதத்தில் அது காய்த்தது, எந்தப் பூச்சி அதைக் காப்பாற்றியது என்பதையெல்லாம் செடிதான் சொல்ல முடியும்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் போனால் மழைக்குப் பிந்தைய தோட்டத்தைப் பார்க்கலாம், ஏப்ரலில் போனால் தோட்டத்துச் செடிகளை விலைக்குக் கொடுக்கும் விழாவைப் பார்க்கலாம். மதிய வெயிலைத் தவிருங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஹுவேக்கோ டேங்க்ஸ் போய்வாருங்கள், முன்பதிவு செய்துகொண்டு. அங்கே ஓவியங்களைத் தொடாதீர்கள். எல் பாசோவுக்குள்ளேயே வாழும் திகுவா மக்களுக்கு அது இன்றும் புனிதத் தலம். 1680இல் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து நடந்த பியூப்லோ பழங்குடிகளின் கிளர்ச்சியின்போது வடக்கேயிருந்து வந்து இங்குள்ள இஸ்லெட்டாவில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

முடிந்தால் முதலில் தோட்டத்தைச் சுற்றிவிட்டு உள்ளே போங்கள். அப்புறம் இன்னொரு முறை வெளியே வாருங்கள். கூடவே விவசாயமோ விறகோ ஆடுமாடோ அறிந்த பெரியவர் ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். விளக்கப் பலகை எழுதியவர்களுக்கு வராத கேள்வி அவர்களுக்கு வரும்.